வயர் மிஷின், பேட்டரி மிஷின், ஒரு மோதிர விரல்

போன வாரம் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மோதிரத்தை அறுத்தோம்.

அறுக்கும்போது அந்த மோதிரத்துக்குள் ஒரு விரல் இருந்தது. விரலுக்குச் சொந்தக்காரர் முழு நினைவோடு, என் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசலில் தேர் நின்றுகொண்டிருந்தது.

பதறாதீர்கள். விரல் பத்திரமாக இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதி படிக்கும்போதே எனக்கு போன் போட்டு, "அப்புறம் என்ன சார் ஆச்சு?" என்று கேட்கும் வாசகர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கதையைச் சொல்ல வைத்தவன் என் மைத்துனன். பெங்களூரில் புது ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். புது வீடு வாங்கியவர்களுக்கு உடனே ஒரு வியாதி வரும் — சுவரில் எதையாவது மாட்ட வேண்டும், எதையாவது அறுக்க வேண்டும். அவனுக்கும் வந்துவிட்டது.

"அத்திம்பேர், வீட்டு வேலைக்கு ஒரு ரோட்டரி டூல் வாங்கலாம்னு இருக்கேன். வயர் வெச்சதா, பேட்டரி போட்டதா? நீங்கதான் ரெண்டையும் வெச்சுண்டிருக்கேளே, சொல்லுங்கோ" என்றான்.

ரெண்டையும் வைத்துக்கொண்டிருப்பவனுக்குத் தெளிவு இருக்கும் என்று நினைக்கிறான், பாவம். தெளிவு இருந்திருந்தால் ஒன்றோடு நிறுத்தியிருக்க மாட்டேனா?

ரோட்டரி டூல் என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். கைக்கு அடக்கமான ஒரு சின்ன மிஷின். தடித்த பேனா மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டும். முனையில் எதை மாட்டுகிறோமோ அது படுவேகமாகச் சுற்றும். ஊசியை மாட்டினால் ஓட்டை போடும். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மெல்லிய வட்டத் தகடு இருக்கிறது, அதை மாட்டினால் ஆணி, போல்ட் எல்லாவற்றையும் அறுக்கும். பஞ்சு உருண்டையை மாட்டினால் பாலிஷ் போடும்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சலீம் பாய் இதற்கு வைத்திருக்கும் பெயர் — பல் டாக்டர் மிஷின். சத்தத்தைக் கேட்டால் ஏன் என்று புரியும். எனக்குக் கடையிலேயே கடைவாய்ப் பல் கூசியது.

அந்தக் கடைக்கு என்னை அழைத்துப் போனது என் மனைவி வேதா. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் வீட்டில் பேனா என் கையில், ஸ்க்ரூ டிரைவர் அவள் கையில். கல்யாணமான புதிதில் ஏற்பட்ட இந்த ஏற்பாட்டால் குடும்பத்தில் நிம்மதி நிலவுகிறது. நான் ஒரு முறை ஃப்யூஸ் போடப் போய், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து விளக்கை அணைத்தவன்.

சலீம் பாய் இரண்டு டப்பாக்களை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இது வயர் மாடல் மேடம். ப்ளக்குல சொருவிட்டா நாள் பூரா ஓடிக்கினே இருக்கும். இது பேட்டரி மாடல். மொட்டை மாடி, கெணத்தாண்ட, எங்க வேணா எடுத்துக்கினு போலாம். ஆனா ஒண்ணு... சார்ஜ் போட மறந்துட்டீங்கன்னா இது வெறும் பொம்மை."

"ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு நேரம் ஓடும்?" என்று கேட்டாள் வேதா.

"அது அவுங்கவுங்க கையப் பொறுத்துது மேடம். மரத்துல ஓட்டை போட்டா ஒரு மாதிரி, இரும்பு அறுத்தா ஒரு மாதிரி. ரொம்ப அழுத்திப் புடிச்சீங்கன்னா நின்னுடும்."

"வயர் மாடல்?"

"அது எங்க நிக்குது? உங்க கையயும் சேத்து இழுத்துக்கினு போவும்!"

இதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். நாங்களும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டோம். மிஷின் பலசாலி என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது?

நான் பேட்டரி கட்சி. காரணம் இருக்கிறது. எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில் தேரோடும் தெருவில் இருக்கிற பழைய வீடு. கட்டின புண்ணியவானுக்குக் கரண்ட் மீது நம்பிக்கை இல்லை. ஹால் முழுவதற்கும் ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட், அதுவும் பீரோவுக்குப் பின்னால். பெருமாள் உள்ளில், அதாவது பூஜை அறையில், அதுவும் கிடையாது. இந்த வீட்டில் வயரைப் பிடித்துக்கொண்டு எங்கே போவது?

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுண்டா ஆச்சு. பாதி வேலையில நின்னு போற சாமானை வாங்கிண்டு என்ன பண்றது?" என்றாள் வேதா.

எங்கள் வீட்டு ஜனநாயகத்தில் இரண்டே ஓட்டு. முடிவு எப்போதும் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் வரும். எப்படி என்று கேட்காதீர்கள். வயர் மிஷின் வீட்டுக்கு வந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும். அது உழைத்தது. பாத்ரூமில் துருப்பிடித்து உறைந்துபோயிருந்த குழாய் போல்ட்டை அறுத்துப் போட்டது. சமையலறை டைல்ஸில் கீறல் இல்லாமல் ஓட்டை போட்டது. குக்கர் கைப்பிடி, ஜன்னல் கொக்கி, கதவின் அடிப்பாகம்... வேதா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பொறி பறக்கும். நான் தள்ளி நின்று பெருமைப்படுவேன்.

ஒரே ஒரு விபத்து. ஹாலில் ஊஞ்சல் இருக்கிறது. ஒரு நாள் பீரோவுக்குப் பின்னாலிருந்து ஊஞ்சலைச் சுற்றிக்கொண்டு வயர் பெருமாள் உள்ளுக்குப் போயிருந்தது. நான் அது தெரியாமல் காபியோடு ஊஞ்சலில் உட்கார்ந்து காலை உந்தினேன். வயர் சங்கிலியில் சுற்றிக்கொண்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பறந்து வந்து, காபி வேஷ்டியில். உள்ளே வேதா கையிலிருந்த மிஷின் பிடுங்கிக்கொண்டு போய்ச் சுவரில் ஒரு கோடு கிழித்தது.

அடுத்த முறை மெட்ராஸ் போனபோது, யாரிடமும் சொல்லாமல் பேட்டரி மிஷினை வாங்கி வந்துவிட்டேன்.

"பொம்மை வாங்கிண்டு வந்துட்டேளா?" என்றாள் வேதா. சலீம் பாயின் வார்த்தையை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

கார்த்திகைக்கு முன்னால் என் மிஷினை வைத்துப் பெரிய குத்துவிளக்குக்குப் பாலிஷ் போட ஆரம்பித்தேன். பாதி விளக்கு தங்கம் மாதிரி ஜொலித்தது. அப்போது பேட்டரி கண்ணை மூடிவிட்டது. மறுபடி சார்ஜ் ஏற ராத்திரி முழுக்க ஆகும். அந்த வருஷம் கார்த்திகையன்று எங்கள் வீட்டு விளக்கு ஒரு பக்கம் மின்னியது, ஒரு பக்கம் கறுத்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் மரியாதையாக அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அதற்கப்புறம் என் மிஷின் பீரோவின் அடித்தட்டுக்குப் போனது. நானும் அதை மறந்துபோனேன்.

சரி, போன வாரத்துக்கு வருவோம்.

தேரோடும் தெருவில் குடியிருக்காதவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது. தேர் உயரம். கரண்ட் கம்பி தாழ்வு. அதனால் தேரன்று காலையில் மின்வாரியத்து ஆட்கள் வந்து தெருவுக்குக் கரண்டை நிறுத்திவிடுவார்கள். குறுக்கே போகும் வயர்களை அவிழ்த்துவிடுவார்கள். தேர் தெருவைத் தாண்டிப் போகும்வரை கரண்ட் வராது. தேரோ தன் இஷ்டத்துக்கு நிற்கும், தன் இஷ்டத்துக்கு நகரும்.

எங்கள் தெருவில் இதற்காக யாரும் அலுத்துக்கொள்வதில்லை. விடியும் முன்பே ஒவ்வொரு வீட்டிலும் மோட்டார் ஓடும், மிக்ஸி ஓடும், அயர்ன் பாக்ஸ் சூடேறும். கரண்ட் இருக்கும்போதே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, பட்டுப்புடவையில் வாசலுக்கு வந்து நின்றுவிடுவார்கள்.

நாங்களும் வாசலில் வாழை மரம் கட்டி, அண்டாவில் நீர்மோர் கரைத்து வைத்திருந்தோம். சரியாக எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வந்து தேர் நின்றது. சக்கரம் கொஞ்சம் ஒருபக்கமாக இழுக்கிறதாம். கட்டை கொடுத்துத் திருப்ப வேண்டும். வடம் பிடித்தவர்கள் வடத்தைக் கீழே வைத்துவிட்டு மோருக்கு வந்தார்கள். கூடவே நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் வந்தார்கள்.

வழக்கமாக வாசிக்கிற பெரியவருக்கு இந்த வருஷம் மஞ்சள் காமாலை. அவருடைய தம்பி கோதண்டபாணி வந்திருந்தார். முப்பது வயசு இருக்கலாம். இத்தனை வருஷமாக அண்ணன் பக்கத்தில் இரண்டாவது நாயனமாக நின்றவர். தனியாகத் தேருக்கு வாசிப்பது இதுதான் முதல் தடவை. தவில் எல்லப்பன் அண்ணனோடு வாசித்து வயசானவர். தெரு முனையில் இவர்கள் வாசிப்பைக் கேட்டபோதே, "தம்பியும் நன்னாத்தான் வாசிக்கறார்" என்று வேதா சொன்னாள். அந்த 'தம்பியும்' என்ற வார்த்தையைத்தான் அவர் காலையிலிருந்து தெரு முழுக்கக் கேட்டிருப்பார்.

மோரை வாங்க வந்தவர் வாழை மரத்தில் கையை ஊன்றினார். வாழைச் சருகுக்குள் ஒரு குளவி இருந்தது.

அவர் கத்தவில்லை. கையை உதறினார். அவ்வளவுதான். வலது கை மோதிர விரல், மோதிரத்துக்கு மேலே. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் உப்ப ஆரம்பித்தது.

மோதிரம் என்றா சொன்னேன்? அகலமான, கனமான தங்க மோதிரம். அவர் விரலுக்குக் கொஞ்சம் சின்னது. சாதாரண நாளிலேயே சதையில் பதிந்து உட்கார்ந்திருக்கும் போல. இப்போது இரண்டு பக்கமும் சதை வீங்கி, மோதிரம் உள்ளே போய்விட்டது.

"மோதிரத்தக் கழட்டுடா மொதல்ல!" என்றார் எல்லப்பன்.

"வர்ல மாமா."

கூட்டம் கூடிவிட்டது. நம் ஊரில் ஒருவருக்கு வலி வந்தால் சுற்றி நிற்கும் எல்லோரும் டாக்டர். சுண்ணாம்பு என்றார் ஒருவர். வெங்காயம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் குளவியை முதலில் அடித்தாயிற்றா என்று விசாரித்தார். வேதா கோதண்டபாணியையும் எல்லப்பனையும் உள்ளே அழைத்து, கதவைச் சாத்தினாள்.

எங்கள் டாக்டருக்கு போன் போட்டேன். கரண்ட் இல்லாவிட்டாலும் போன் வேலை செய்கிறதே, அதற்கு ஒரு கும்பிடு. மூச்சுத் திணறுகிறதா, முகம் வீங்குகிறதா என்று கேட்டார். இல்லை. கையை உயரத் தூக்கி வைத்து ஐஸ் வைக்கச் சொன்னார். "மோதிரம் வரலைன்னா எதையாவது பண்ணி எடுங்கோ. விரல் கறுத்துண்டே போனா ஆபத்து" என்றார். அவரும் வர முடியாது, நாங்களும் போக முடியாது. தெருவின் இரண்டு பக்கமும் ஜன சமுத்திரம்.

ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த ஐஸை வைத்தோம். எண்ணெய் தடவினோம். சோப்பு போட்டோம். இந்த ஊரில் பட்டு நூலுக்கா பஞ்சம்? ஒரு பட்டு இழையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, விரலை இறுக்கிச் சுற்றி, பிரித்துக்கொண்டே மோதிரத்தை நகர்த்தப் பார்த்தார் எல்லப்பன். ஒரு சுற்று சுற்றுவதற்குள் கோதண்டபாணி பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். விட்டுவிட்டோம்.

விரல் நுனி கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

"உணர்ச்சி இருக்குதாப்பா?" என்று கேட்டார் எல்லப்பன்.

"மரத்துக்கினு வருது மாமா..." வாசலைப் பார்த்தார். "சக்கரம் சரி பண்ணிட்டாங்களா?"

இதைத்தான் அவர் கேட்டார். விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நாதஸ்வரம் இல்லாவிட்டால் தேர் நகராதா? நகரும். ஆனால் 'அண்ணன் வரலை, தம்பி வந்தான், தேர் ஊமையாப் போச்சு' என்று ஊர் அடுத்த வைகாசித் தேர் வரை பேசும். அதற்கப்புறம் அவரை யார் கூப்பிடப் போகிறார்கள்? கொட்டியது எங்கள் வீட்டு வாழை மரத்துக் குளவி.

வேதா எழுந்து போனாள். வயர் மிஷினோடு வந்தாள். அறுக்கிற தகட்டை மாட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ப்ளக்கைச் சொருகி, ஸ்விட்சைத் தள்ளினாள்.

நிசப்தம்.

"கரண்ட் இல்லைடி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. காலையில் மோட்டார், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் என்று ஒன்று விடாமல் திட்டம் போட்ட கணக்கு டீச்சர். அவளுக்கே மறந்துவிட்டது. மிஷினை டைனிங் டேபிளில் வைத்தாள்.

நிலைமையைப் பாருங்கள். தேர் போனால்தான் கரண்ட் வரும். கரண்ட் வந்தால்தான் மோதிரத்தை அறுக்கலாம். மோதிரத்தை அறுத்தால்தான் நாயனம். நாயனமோ தேர் கிளம்புவதற்கு முன்னால் வேண்டும்!

"உங்க பொம்மை எங்கே?" என்றாள் வேதா.

"பீரோல. ஆனா அதுல சார்ஜ் எங்கே..."

"எடுத்துண்டு வாங்கோ முதல்ல."

எடுத்து வந்தேன். நம்பிக்கையில்லாமல் ஸ்விட்சைத் தள்ளினேன். பல் டாக்டர் வந்துவிட்டார். முழு வேகத்தில்!

யார் சார்ஜ் போட்டது? நான் இல்லை. கேட்க அப்போது நேரமும் இல்லை.

"அறுக்கணுமாம்மா?" என்றார் கோதண்டபாணி. "ஏனாத்தூர்ல ஒரு கல்யாணம். அண்ணனுக்கு வேற ஊர்ல கச்சேரி, நான் மட்டும் வாசிச்சேன். மாப்ளயோட அப்பா அவுரு வெரல்லர்ந்து கழட்டி என் கையில மாட்டிவுட்டார். எனக்குன்னு ஒருத்தர் குடுத்தது இது ஒண்ணுதாம்மா. சைஸு சின்னதுதான். கழட்டவே மனசு வர்ல."

வேதா அவர் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "மோதிரத்தை அப்புறம் ஆசாரி கிட்ட குடுத்துப் பத்த வெச்சுக்கலாம்ப்பா. பின் பக்கமாத்தான் அறுப்பேன், முகப்புல கை வைக்க மாட்டேன். சரியா?"

அவர் எல்லப்பனைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

இனி வருவதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வழி இருந்தால் நாங்களும் போயிருப்போம்.

தகடு விரலில் படாமல் இருக்க மோதிரத்துக்கும் சதைக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு தகரம் வேண்டும். வீட்டில் என்ன இருக்கிறது? வேதா யோசித்தாள். "நாக்கு வழிக்கறது! புதுசு ஒண்ணு கவர் பிரிக்காம இருக்கு பாருங்கோ." எவர்சில்வர் பட்டையை எண்ணெய் தடவி உள்ளே நுழைத்தாள். கோதண்டபாணி மூச்சை இழுத்துப் பிடித்தார்.

பொறி தெறிக்காமல் இருக்க அவர் கண்ணுக்கு என் கூலிங் கிளாஸ். நெற்றியில் நாமம், கீழே கூலிங் கிளாஸ்... அந்த நேரத்திலும் எல்லப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சினிமாக்காரன் மாரி இருக்குறடா" என்றார். கோதண்டபாணியும் சிரித்தார். வலிக்கு அது ஒரு மருந்து.

என் வேலை தண்ணீர் விடுவது. அறுக்க அறுக்க மோதிரம் சுடும். சுட்டால் விரல் வெந்துவிடும். பெருமாள் உள்ளிலிருந்து தீர்த்த வட்டிலையும் ஸ்பூனையும் எடுத்து வந்தேன். தகடு தொட்டவுடன் ஒரு சொட்டு. மறுபடி ஒரு சொட்டு. வாழ்நாளில் இவ்வளவு பயபக்தியோடு நான் தீர்த்தம் விட்டதில்லை.

வேதா மிஷினை அழுத்தவே இல்லை. தொடுவாள், எடுப்பாள். தொடுவாள், எடுப்பாள். ஒரு முறை தகடு மோதிரத்தில் சிக்கியது. எனக்கு உயிர் போய்விட்டது. மிஷின் 'ம்ம்' என்று முனகிவிட்டு நின்றது. அவ்வளவுதான். விரலை நோக்கிப் பாயவில்லை. வேதா தகட்டை விடுவித்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

அப்போதுதான் உறைத்தது. சலீம் பாய் கடையில் குறை என்று கேட்டோமே, அழுத்தினால் நின்றுவிடும் என்று, அந்தக் குறைதான் இப்போது இந்த விரலைக் காப்பாற்றியது. 'கையயும் சேத்து இழுத்துக்கினு போவும்' மிஷினாக இருந்திருந்தால்?



பாதிக்கு மேல் அறுந்திருக்கும். சத்தம் இறங்க ஆரம்பித்தது. எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். கார்த்திகை விளக்கில் கேட்ட அதே சத்தம்.

"பேட்டரி போறது" என்றேன்.

வேதா மிஷினை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு நிமிஷம் இருங்கோ. கொஞ்சம் விட்டா டார்ச் லைட் மாதிரி மறுபடி கொஞ்சம் உயிர் வரும்."

வெளியே "கோவிந்தா" என்று குரல் எழும்பியது. சக்கரம் சரியாகிவிட்டது. வடத்தைத் தூக்கிவிட்டார்கள். யாரோ வாசல் கதவைத் தட்டி, "மேளம் எங்கேப்பா? மேளத்தக் கூப்புடு!" என்று கத்தினார்கள்.

எல்லப்பன் எழுந்து போய்க் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். "வர்றோம் இரு!" என்று ஒரே அதட்டல்.

கோதண்டபாணி கண்ணாடிக்குப் பின்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரியாது. ஆனால் இடது கை விரல்கள் தொடையில் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. வாசித்துக்கொண்டிருந்தார்.

வேதா மிஷினை எடுத்தாள். ஓடியது. பலவீனமாக, விட்டுவிட்டு, ஆனால் ஓடியது. ஒரு சொட்டு. ஒரு தொடல். 'டிக்' என்று ஒரு சத்தம். எவர்சில்வர் பட்டையைத் தகடு தொட்டுவிட்டது. மிஷின் அதோடு சரி.

இரண்டு பக்கமும் குறடால் பிடித்து, நானும் அவளுமாக மோதிரத்தை விரித்தோம். கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

விரலில் பள்ளமாக ஒரு வளையம் மிச்சம். ஐஸை வைத்துக் கையை உயர்த்திப் பிடித்தார். மெல்ல மெல்ல நுனியில் ரத்தம் ஏறியது. கத்தரிக்காய் தக்காளி ஆனது. "வலிக்குதுங்க சாமி" என்றார் என்னைப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக. மரத்துப்போன விரலில் வலி வருவது எவ்வளவு பெரிய சந்தோஷம்!

வாசிக்க முடியுமா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவராகவே நாயனத்தை எடுத்து, வீங்கின விரலைத் துளையில் வைத்துப் பார்த்தார். முழுசாக மூடவில்லை. கொஞ்சம் சாய்த்து வைத்தார். ஒரு ஸ்வரம் பிசிறியது. அடுத்தது நின்றது.

"மெதுவா எடுறா. அவசரம் ஒண்ணுமில்ல. தேரே மெதுவாத்தானே போவுது?" என்றார் எல்லப்பன்.

வாசலுக்குப் போனார்கள். தவில் விழுந்தது. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி எழுந்தது. நிதானமாக, ஒவ்வொரு ஸ்வரமாகக் காலூன்றி வந்தது. அங்கங்கே ஒரு பிசிறு எனக்குக் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டதா என்று தெரியாது. வடம் இழுபட்டது. தேர் அசைந்தது. வேதா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான். என்னிடம் தலைப்பு இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

பக்கத்து வீட்டு மாமா என் தோளைத் தட்டினார். "அண்ணா என்ன அவசரமா வாசிப்பார்! தம்பி பாரும், தேருக்குத் தகுந்த மாதிரி எவ்வளவு நிதானம்!" என்றார்.

அந்த நிதானத்துக்கு ஒரு குளவி காரணம் என்று சொல்லி என்ன ஆகப் போகிறது?

தேர் தெருமுனை திரும்பி, வெகுநேரம் கழித்துக் கரண்ட் வந்தது. நாங்கள் ஹாலில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று டைனிங் டேபிளில் ஓர் அலறல். வயர் மிஷின்! ஸ்விட்சை யாரும் அணைக்கவில்லை. கரண்ட் வந்தவுடன் தானே எழுந்து, மேஜை மேல் உருண்டு, உப்பு ஜாடியைத் தட்டிவிட்டு, தரையில் குதித்து, டைல்ஸைப் பிறாண்டிக்கொண்டு ஊஞ்சலை நோக்கி ஓடியது. நான் காலைத் தூக்கிக்கொண்டேன். வேதா போய் ப்ளக்கைப் பிடுங்கினாள்.

"இவன் கிட்டயா ஒரு மனுஷன் விரலைக் கொடுக்க இருந்தேன்?" என்றாள். வயரைச் சுருட்டி, மிஷினை டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

"என் மிஷினுக்கு யார் சார்ஜ் போட்டா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நான்தான். வேற யாரு?" என்றாள். "ஒவ்வொரு தேருக்கும் முதல் நாள் எமர்ஜென்ஸி லைட், செல்போன், உங்க பொம்மை... வீட்டுல வயர் சொருகற ஓட்டை இருக்கற எல்லாத்துக்கும் போட்டு வைப்பேன். நீங்க போடப் போறதில்லைன்னு தெரியுமே!"

வருஷக்கணக்காகப் பொம்மை என்று கேலி செய்துகொண்டே அதற்குச் சார்ஜ் போட்டிருக்கிறாள். இவளோடு நான் குடித்தனம் செய்வது என் பாக்கியம். இதை நேரில் சொன்னால், "காபி வேணுமா?" என்று கேட்பாள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நேற்று கோதண்டபாணி வந்திருந்தார். விரல் வற்றிவிட்டது. அந்த விரலில் மோதிரம்! ஆசாரி, அறுத்த இடத்தில் ஒரு சின்னத் தங்கத் துண்டை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் நிறம் மாறித் தெரியும். எங்கள் எதிரிலேயே கழற்றினார், மாட்டினார். மறுபடி கழற்றி, மறுபடி மாட்டினார். குழந்தை மாதிரி.

"இத்தினி வருசமா அந்தக் கல்யாண வீட்டுப் பெரியவரு மோதிரத்த நான் போட்டுக்கினு இருந்தேன் சாமி. இப்பத்தான் இது என் சைஸுக்கு வந்துருக்குது" என்றார்.

அடுத்த வருஷத் தேருக்கும் அவரையே சொல்லிவிட்டார்களாம். அண்ணன் குணமாகி வந்தாலும், இரண்டு பேரும் சேர்ந்து வாசிப்பதாம். அண்ணனே சொன்னாராம்.

பெங்களூர் மைத்துனனுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. டைல்ஸ், போல்ட், கதவு என்று நாள் பூரா வேலை இருந்தால், வயர் மிஷின். வேலை முடிந்ததும் ப்ளக்கைப் பிடுங்கிவிடு. ப்ளக் இல்லாத இடத்தில் சின்ன வேலை, மென்மையான வேலை, சதைக்குப் பக்கத்தில் வேலை என்றால், பேட்டரி மிஷின். ஆனால் அதற்கு, நீ மறந்துபோன நாளிலும் உனக்காகச் சார்ஜ் போட்டு வைக்கிற ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளை எந்தக் கம்பெனிக்காரனும் டப்பாவுக்குள் வைத்துத் தருவதில்லை!